பேரழகிப் போட்டியும் தலைமுழுகின மருமகளும்

ஆவாரங்குளம்,
திருச்சுழி வழி.
18.7.2025

சரஸ்வதிக்கு உன் மதினி முத்திருளாயி எழுதுறது. நான் உசுரோட இருக்கேன். முழங்கால்தான் சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்குது. நீ எப்படியும் சொகமாத்தான் இருப்ப.

உன்கூட நான் பேசி வருசம் பதினெட்டு ஆச்சு. இப்பவும் பேசல, எழுதுறேன். போன்ல கேட்டா நாளைக்கு "நான் அப்படிச் சொல்லலையே மதினி"ம்ப. காயிதம்னா எங்கிட்ட பத்திரமா இருக்கும்.

எதிர்வீட்டுத் தங்கச்செல்வி மில்லுல இருந்து வந்தவ, சோறு கூடத் திங்காம ஓடியாந்து செல்போனை நீட்டுனா. "அப்பத்தா, ஒங்க பேத்தி அழகிப் போட்டியில நிக்கிது பாருங்க"ன்னா. பார்த்தேன். நாகஜோதிதான். கட்சிக்காரன் துண்டு மாதிரி தோளுக்குக் குறுக்க ஒரு பட்டை. அதுல தென்னகப் பேரழகின்னு எழுதியிருக்கு. காலுக்குக் கீழ ஒரு சாண் ஒசரத்துக்குச் செருப்பு.

ரெண்டு வயசுல அப்பனை இழந்த பிள்ளை. நாலு வயசுல இருந்து நான் ஒருத்தியா வளத்த பிள்ளை. காலேஜ் முடிச்சு வேலை தேடுறேன்னு சொன்னதாலதான், உன்கூடப் பேசாமலே அவளை உன் வீட்டுக்கு அனுப்பி விட்டேன். வேற போக்கிடம் இல்லாமத்தான் விட்டேன், உன்மேல நம்பிக்கை வச்சு இல்லை. இந்தப் போட்டியில அவளைக் கொண்டுபோய்ச் சேத்தது யாரு?

இன்னொண்ணு. அந்தப் படத்துல பேசுறா: "என் பின்னாடி மூணு பொம்பளைங்க இருக்காங்க, அவங்கதான் என் தைரியம்." நான் ஒருத்தி. போனாப் போகுதுன்னு உன்னை ஒருத்தியா வச்சுக்கிருவோம். மூணாவது யாரு?

பதில் போடு. மழையே இல்ல. ஆடு ரெண்டும் சொகம்.

முத்திருளாயி


சென்னை, குரோம்பேட்டை
31.7.2025

அன்புள்ள மதினிக்கு வணக்கம். உங்க எழுத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைச்சுட்டு உக்காந்து படிச்சேன். இங்க எல்லாரும் சொகம். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கு. நீங்க முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தடவுறீங்களா?

நாகஜோதியை யாரும் சேத்துவிடல மதினி. அவளாத்தான் பேர் குடுத்தா. ஜெயிச்சா டிவியில செய்தி வாசிக்கிற வேலைக்குச் சுளுவாப் போயிரலாம்னு சொல்லுறா. அவளுக்கு அதுதான் ஆசை. சினிமா கினிமா இல்ல, நீங்க பயப்படாதீங்க. தினமும் காலையில மொட்டை மாடியில, காயப்போட்ட துணிகளுக்கு நடுவுல அந்தச் செருப்பைப் போட்டு நடந்து பழகுறா. கீழ்வீட்டுக்காரர் மேல வந்து, "யம்மா, அம்மி கொத்துறீகளா"ன்னு கேட்டுட்டுப் போறாரு.

அழகு மட்டும் பத்தாதாம். ஒவ்வொரு பிள்ளையும் சொந்த ஊருக்கு ஒரு நல்ல காரியம் செஞ்சு காட்டணுமாம். அதுக்கும் மார்க் உண்டாம். நம்ம ஊருக்குத்தான் செய்யப் போறா. அவளே உங்களுக்குச் சொல்லுவா.

ஊர்ல அண்ணன் சமாதிக்கு வெள்ளையடிச்சாச்சா? உடம்பைப் பாத்துக்கோங்க.

உங்கள் சரஸ்வதி


ஆவாரங்குளம்
12.8.2025

சரஸ்வதிக்கு. உன் காயிதம் வந்துச்சு. சர்க்கரைக்கு நீ வாயைக் கட்டு. கீழ்வீட்டுக்காரன் வரைக்கும் எழுதிட்ட. மூணாவது பொம்பளையை மாத்திரம் விட்டுட்ட. நான் ரெண்டு தரம் படிச்சுப் பார்த்தேன், இல்ல.

நல்ல காரியம் என்னன்னு தெரிஞ்சு போச்சு. பள்ளிக்கூடத்துல பொம்பளப் பிள்ளைகளுக்குக் கக்கூசு கட்டுறாளாம்! கொத்தனாரு பொன்ராஜ் வந்து அஸ்திவாரத்துக்குக் கயிறு பிடிச்சுட்டான். ஊர்ல அவனவன் கோயிலுக்கு மணி வாங்கிக் குடுக்கான், தண்ணித் தொட்டி கட்டுறான். உங்க அண்ணன் பேரு அம்மன் கோயில் டியூப்லைட்டுல இன்னைக்கும் எரியுது. பேத்தி பேரு கக்கூசுச் செவத்துலயா இருக்கணும்? டீக்கடையில ஒருத்தன் எங்கிட்டயே கேக்கான், "பாட்டி, தெறப்பு விழாவுக்குப் போறவுக சும்மா பாத்துட்டு வந்தாப் போதுமா"ன்னு.

நான் நேராப் போய்ப் பொன்ராஜைப் பிடிச்சேன். "ஏலே, செங்கலு, மணலெல்லாம் யாரு சொல்லி வருது?" தலையைச் சொறிஞ்சான். "மெட்ராஸ்ல இருந்து ஒரு அக்கா போன்ல பேசும் அப்பத்தா. பேரு சொல்லாது. கதவு உள்பக்கம் தாப்பா நல்லா இருக்கணும், அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லும்"ன்னான். நீயான்னு கேட்டேன். "சரஸ்வதி அத்தை குரல் எனக்குத் தெரியாதா, இது வேற"ன்னுட்டான்.

நான் எதையும் மறக்கிறவ இல்ல. என் மகன் இன்பராஜ் பந்தல்குடி ரோட்டுல லாரியில அடிபட்டுச் செத்து ரெண்டு வருசம் முடியல. அவன் பொண்டாட்டி ஜெயக்கொடி, அந்த ஜான்ராஜைக் கட்டிக்கிறேன்னு கிளம்புனா. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல அவ பையைத் தூக்கி பஸ்ஸுக்குள்ள குடுத்தவ நீ. நான் ஊர் பார்க்க ஊருணியில எறங்கித் தலைமுழுகினேன். எனக்கு அவ செத்தவ. பிள்ளைகிட்டயும் ஒங்காத்தா செத்துட்டான்னே சொல்லி வளத்தேன். தெரிஞ்சவுக வாயைத் தொறக்கல, தெரியாதவுக நம்பிட்டாக. அதை யாராவது தோண்டுறீகளா? ஆமா, இல்லன்னு ஒரு வார்த்தை எழுது.

முத்திருளாயி


குரோம்பேட்டை
6.9.2025

அன்புள்ள மதினிக்கு. பதில் எழுதச் சுணங்கிருச்சு. காய்ச்சல். இப்பத் தேவலை. உங்களுக்கு அங்க வெயில் எப்படி?

நாகஜோதி கோயம்புத்தூர்ச் சுத்துல தேறிட்டா. அறுபது பேருல பதினஞ்சு பேரைத்தான் எடுத்தாங்களாம். அங்க ஒரு பிள்ளை அவகிட்ட, "உங்க ஊர்ல தண்ணியே கிடையாதாமே, எப்படிக் குளிப்பீங்க"ன்னு கேட்டுச்சாம். "குளிச்சுட்டுத்தான் வந்திருக்கேன், பக்கத்துல வந்து பாரு"ன்னாளாம். உங்க வாய் அப்படியே.

கக்கூசைக் கேவலமா நினைக்காதீங்க மதினி. அவ அதைத்தான் கட்டணும்னு பிடிவாதமா நின்னா. காரணம் அவளுக்குத்தான் தெரியும்.

கடைசிச் சுத்து டிசம்பர்ல, இங்கதான். உடம்புக்கு ஆகாம நீங்க அலைய வேண்டாம், போன்லயே பாத்துக்கலாம். தங்கச்செல்வியைக் கேட்டதாச் சொல்லுங்க.

சரஸ்வதி


ஆவாரங்குளம்
22.9.2025

சரஸ்வதிக்கு. கால் வலி அப்படியே இருக்கு. ஆனா கண்ணு நல்லாத் தெரியுது.

மெட்ராஸ் வாரேன்னு நான் சொல்லவே இல்ல. அதுக்குள்ள வர வேண்டாம்னு எழுதிட்ட. என்னை வரவிடாம யாரை உக்கார வைக்கப் போற?

கோயம்புத்தூர்ப் படத்தைத் தங்கச்செல்வி காட்டுனா. பட்டுச்சேலை, தலை நெறைய மல்லி. "பூவைப் பெருசாக்கு"ன்னேன். ரெண்டு வெரலை வச்சு விரிச்சா. நம்ம பக்கம் ரெண்டு பூ மேல, ரெண்டு பூ கீழ வச்சுக் கட்டுவோம். இது மூணு மேல, ஒண்ணு கீழ. அடியில நாரு வெளிய தெரியாது. இப்படிக் கட்டுறவளை என் ஆயுசுல ஒருத்தியைத்தான் பார்த்திருக்கேன். அவ கல்யாணமாகி வந்த மறுநாளே, இதென்னடி குடை சாஞ்ச மாதிரின்னு நான் பிரிச்சுப் போட்டு மறுபடி கட்டச் சொன்னேன். பிரிச்சுட்டு மறுபடியும் அதே மாதிரிதான் கட்டுனா.

மெட்ராஸ் பூக்காரிக கட்டுனதுன்னு புளுகாதே. ஜெயக்கொடி உன் வீட்டுக்கு வாராளா? பிள்ளை தலையில கை வைக்காளா? பொன்ராஜ்கிட்ட தாப்பா தாப்பாங்குறது அவதானா?

முத்திருளாயி


குரோம்பேட்டை
25.10.2025

அன்புள்ள மதினிக்கு. தீபாவளிக்கு அனுப்புன சேலை வந்துச்சா? கலர் உங்களுக்குப் பிடிக்குமான்னு யோசிச்சு யோசிச்சு எடுத்தேன். இங்க விடாம மழை. தெருவுல முட்டளவு தண்ணி. அங்க ஒரு தூத்தலாவது விழுந்துச்சா? எனக்குச் சர்க்கரை இறங்கியிருக்கு.

நீங்க கேட்டதுக்கு நான் எழுதுறதை விட நாகஜோதி எழுதுறதுதான் முறை. என்னைத் திட்டணும்னா திட்டிக்கோங்க. பழகிப் போச்சு.

சரஸ்வதி


ஆவாரங்குளம்
1.11.2025

நாகு, அப்பத்தா எழுதுறேன். நீ வேளைக்குத் திங்கிறியா, இல்ல அழகுக்குப் பட்டினி கெடக்கியா?

மெட்ராஸ் அப்பத்தா அனுப்புன சேலையை நான் பிரிக்கல. அவ மூணு மாசமா எங்கிட்டக் கண்ணாமூச்சி ஆடுறா. நீ ஆடாதே. உன் தலைக்குப் பூக் கட்டுறது யாரு?

அப்பத்தா


சென்னை
13.11.2025

என் அப்பத்தாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். ரெண்டு வேளை சோறு, ஒரு வேளை கேப்பைக் கூழ். நீங்க ராத்திரி தனியா வெளிய வராதீங்க, காலைப் பாத்து வைங்க.

பூக் கட்டுனது அம்மாதான்.

மெட்ராஸ் அப்பத்தாமேல கோவப்படாதீங்க. அவங்க கூட்டி வரல. நான்தான் கூட்டி வந்தேன். அம்மா உயிரோட இருக்கிறது எனக்கு எட்டாம் வகுப்புலயே தெரியும்.

நான் பெரிய மனுசியான அன்னைக்கு ஞாபகம் இருக்கா? மூணாவது பீரியட்ல வயித்த வலி. நம்ம பள்ளிக்கூடத்துல போறதுக்கு ஒரு இடம் கிடையாது, கருவேலங்காட்டுக்குத்தான் ஓடுவோம். அங்க போய் உக்காந்து பாவாடையைப் பார்த்ததும் பயந்துட்டேன். பசங்க கிரவுண்டுல விளையாடுறாங்க. திரும்பி வர முடியல. எவ்வளவு நேரம் அங்கயே இருந்தேன்னு தெரியாது. அப்ப பஸ் ஸ்டாப்புல முக்காடு போட்டு நின்ன ஒரு அம்மா முள்ளை விலக்கிக்கிட்டு உள்ள வந்தாங்க. பையில இருந்து ஒரு பச்சைச் சேலையை எடுத்து என்னைச் சுத்தி விட்டாங்க. "பயப்படாத நாகு, ஒண்ணுமில்ல நாகு"ன்னாங்க. நாகுன்னு வீட்டுக்கு வெளிய யாருக்குமே தெரியாதே அப்பத்தா. நான் முகத்தைப் பார்த்தேன். அவங்க அழுதுட்டாங்க.

வருசத்துக்கு ரெண்டு மூணு தரம் வந்து அந்த ஸ்டாப்புல நின்னு என்னைப் பார்த்துட்டுப் போவாங்களாம். உங்களுக்குப் பயந்து பேச மாட்டாங்களாம். அன்னைக்கும் நம்ம தெரு முக்கு வரைக்கும்தான் வந்தாங்க. நான் உங்ககிட்ட டீச்சர் சேலைன்னு பொய் சொன்னேன். ஒரு நாளும் மறுபடி அதைப் பத்திப் பேசல. நீங்க என்னைச் சுத்தி ஆலாத்தி எடுத்து ஆனந்தப்பட்டீங்களே, அதைக் கெடுக்க மனசு வரல.

கடைசிச் சுத்துல, ஏன் இந்தச் சேவையை எடுத்தீங்கன்னு கேப்பாங்க. நான் இதைத்தான் சொல்லணும்னு இருக்கேன். வேண்டாம்னா எழுதுங்க. ஆனா வேற பதில் எனக்கு வரல.

உங்கள் நாகு


ஆவாரங்குளம்
20.11.2025

நாகு,

பச்சைச் சேலை, மாங்காக் கரை போட்டது. எனக்கு மறக்குமா? சயின்ஸ் டீச்சர் இப்படியொரு சேலை கட்டிப் பார்த்ததில்லையேன்னு அன்னைக்கே எனக்கு ஒரு உறுத்தல். ஆனாலும் துவைச்சு, கஞ்சி போட்டு, மஞ்சக் குங்குமம் வச்சு நானே கொண்டுபோய்க் குடுத்தேன். அந்தப் பொம்பள "இதெல்லாம் எதுக்கும்மா"ன்னு சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டா! சடங்குக்குச் சீர் குடுக்கேன்னு நெனச்சிருக்கா. மாத்தலாகிப் போற வரைக்கும் வெள்ளிக்கிழமை தவறாம அதைத்தான் கட்டுனா. நானும் "ஒங்களுக்குப் பொருத்தமா இருக்கு டீச்சர்"னு வாயாறச் சொல்லியிருக்கேன். என்னை இத்தனை பேரு சேந்து இத்தனை வருசம் ஏமாத்தியிருக்கீக.

நீ மேடையில சொல்லாதே. யாரோ ஒரு பொம்பள வந்து சேலை குடுத்தான்னு சொல்லு, போதும். செத்தான்னு நான் சொன்னவளை நீ உசுரோட இருக்கான்னா, நான் யாரு? பொய்யச் சொல்லிப் பிள்ளையைப் பறிச்ச கெழவி. தங்கச்செல்வி செல்போன்ல ஊரே பாக்கும். நாளைக்கு நான் எந்த மூஞ்சியோட தண்ணிக்குப் போவேன்? உனக்கு இப்ப ஆத்தா கெடைச்சுட்டா. எனக்கு நீ ஒருத்திதான்.

மீறிச் சொன்னா இந்த வீட்டு வாசப்படியை மிதிக்காதே.

அப்பத்தா


குரோம்பேட்டை
22.12.2025

அன்புள்ள மதினிக்கு. நீங்க சாப்பிட்டீங்களா, தூங்குனீங்களான்னு கேக்கக் கூடப் பயமா இருக்கு.

படத்தைப் பார்த்திருப்பீங்க. படத்துல வராததை எழுதுறேன். கடைசி அஞ்சு பேருல ஒருத்தியா நின்னா. நடுவரம்மா, ஏன் கக்கூசு கட்டுறீங்கன்னு அதே கேள்வியைத்தான் கேட்டாங்க. பதில் சொல்ல ஒரு நிமிசந்தான். நம்ம பிள்ளை வாயைத் தொறக்கல. சனங்க, மறந்துட்டா போலன்னு கை தட்டி உசுப்புறாங்க. அவ கீழ உக்காந்திருந்த எங்களையே பார்த்தா. பெறகு, "எங்க அம்மா உயிரோட இருக்காங்க. எங்க அப்பத்தா என்னை யார்கிட்டயும் விட்டுக் குடுக்காம வளத்தாங்க. ரெண்டும் உண்மை"ன்னா. அதுக்குள்ள மணி அடிச்சிருச்சு. கக்கூசைப் பத்தி ஒரு வார்த்தை வரல. சபைக்கு ஒண்ணும் புரியல. மார்க் போயிருச்சு. கிரீடம் திருச்சிப் பிள்ளைக்கு.

ஜெயக்கொடி எந்திரிச்சு வெளிய போயிட்டா. நான் தேடிப் போனப்ப ஹோட்டல் படிக்கட்டுல உக்காந்து, "என்னைச் சொல்லி ஏன் தோத்தா, என்னைச் சொல்லி ஏன் தோத்தா"ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தா.

நாகஜோதி அழல. ஊருக்குக் கிளம்புறேங்குறா. உங்க படியை மிதிக்க மாட்டாளாம், கண்ணால பார்த்துட்டு வந்துருவாளாம்.

சரஸ்வதி


ஆவாரங்குளம்
5.1.2026

ஜெயக்கொடிக்கு முத்திருளாயி எழுதுறது. விலாசம் சரஸ்வதிகிட்ட வாங்குனேன். நீ எப்படி இருக்கன்னு நான் கேக்கல.

உன் மக வந்தா. வாசல்லயே பையை வச்சுட்டு உக்காந்துட்டா. நான் சொன்னது சொன்னதுதான், படியை மிதிக்கக் கூடாது. சோத்தை வாசலுக்கே கொண்டுபோய் வச்சேன். பொழுது சாஞ்சுச்சு, பனி எறங்குச்சு. "பின்வாசல்னு ஒண்ணு இருக்குல்ல, கண்ணு தெரியல?"ன்னேன். அந்த வழியா வந்து படுத்துக்கிட்டா.

ஊரு கேக்காம இல்ல. "செத்த மருமக எந்திரிச்சு வந்துட்டாளாமே"ன்னு குழாயடியில ஒருத்தி. "தலைமுழுகுனது நான், ஒனக்கு எதுக்குக் குளுருது"ன்னேன். கொடத்தைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டா.

உன்னை நான் மன்னிக்கல. என் மகன் சாம்பல் ஆறல, நீ மாலை மாத்துன. பிள்ளையைக் கேட்டு நீ அழுததும், நான் குடுக்காததும் ஞாபகம் இருக்கு. இன்னைக்குக் கேட்டாலும் குடுக்க மாட்டேன்.

ஆனா ஒண்ணு எனக்குப் பிடிபடல. வருசா வருசம் அந்த ஸ்டாப்புல வந்து நின்னன்னு பிள்ளை சொல்லுது. நான் நம்பல. திருச்சுழிக்குப் போக வர நானும் அங்கதான் பஸ் ஏறுவேன். என் கண்ணுக்குத் தப்பி அந்த ரோட்டுல ஒரு ஈ போகாது. ஒரு நாள் வந்துட்டு வருசக் கணக்கா வந்ததாப் பிள்ளை மனசுல ஏத்திருப்ப. நெசமா நின்னிருந்தா, நின்னவளுக்கு மாத்திரம் தெரிஞ்சது ஏதாவது ஒண்ணு எழுது. சரஸ்வதியைக் கேட்டு எழுதாதே. எனக்குத் தெரிஞ்சு போகும்.

தை கடைசியில கக்கூசு தெறக்காக. உன்னை வான்னு நான் சொல்லல. வராதேன்னும் சொல்லல.

முத்திருளாயி


சென்னை, பல்லாவரம்
19.1.2026

அத்தைக்கு ஜெயக்கொடி எழுதுவது. நாங்க எல்லாரும் சுகமா இருக்கோம். நீங்க கேக்கலைன்னாலும் சொல்லணும்ல.

நாகு ஆறாவது படிக்கிறப்ப, ஒரு ஆடி மாசம். புழுதிக் காத்து. நான் முக்காடு போட்டு ஸ்டாப்புல நின்னேன். நீங்க திருச்சுழி பஸ்ஸுக்கு வேகமா வந்தீங்க. நான் ஒளியக் கூட இடமில்ல. எனக்கு நாலடி தள்ளி உங்க செருப்பு வார் அத்துக்கிச்சு. பஸ் வேற வந்துருச்சு. நீங்க குனிஞ்சு செருப்பையே பார்த்துக்கிட்டு, "யாத்தா, ஊக்கு இருக்கா?"ன்னு கேட்டீங்க.

வாயைத் தொறந்தா குரலைக் கண்டுபிடிச்சிருவீங்க. வளையல்ல கெடந்த ஊக்கைக் கழட்டி, தரையில உக்காந்து நானே குத்திவிட்டேன். உங்க காலைத் தொட்டு எத்தனையோ வருசம் ஆகியிருந்துச்சு. அவசரத்துல ஊக்கு என் வெரல்லயே ஏறிருச்சு. நீங்க அதைப் பாக்கல.

பஸ்ஸுல ஏறுறப்ப என் தலையில கை வச்சு, "நல்லா இரு தாயி, ஒன் வயித்துல பொறந்தது நல்லா இருக்கும்"னு சொல்லிட்டுப் போனீங்க.

சரஸ்வதி சித்திக்கு இது தெரியாது. நாகுகிட்டயும் சொன்னதில்ல. அந்த வாக்கைத் திருப்பி வாங்கிக்கிறதா இருந்தா எழுதுங்க. இல்லைன்னா பதில் வேண்டாம்.

ஜெயக்கொடி